இலைக் கணக்கு

கையிருப்பு குறைவு, ஆயினும் கல்யாணம் அழகாக அமைய வேண்டும் என்று ஒரு குடும்பம் ஆசைப்படுவதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. இருந்தும் அந்த ஆசையைக் காதில் வாங்கும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு சஞ்சலம் எழுகிறது. இன்னதென்று பிடிபடாமலும், விட்டு நீங்காமலும் அது சில காலமாக என்னோடு இருந்துவருகிறது. சிக்கனத்தின்மேல் எனக்கு வெறுப்பில்லை. அழகின்மேல் அவநம்பிக்கையும் இல்லை. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள முற்படுகையில், இடையில் எங்கோ ஒரு மூன்றாம் மனிதர் அகப்பட்டு நசுங்குகிறாரோ என்பதுதான் என் சந்தேகம். பெண்ணைப் பெற்ற தகப்பனார்கள் எழுதி வைத்திருக்கும் செலவுப் பட்டியல்களைப் பார்க்கிற சந்தர்ப்பம் எனக்குப் பலமுறை வாய்த்திருக்கிறது. நீளவாக்கில் மடித்த முழுத்தாள், தலைப்பில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் மண்டபம், சமையல், ஜவுளி, நகை, மேளம், பூ, வாத்தியார், போட்டோ, வண்டி, தாம்பூலப் பை, சில்லறை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, அவர் பேனாவை மறுபடியும் எடுத்து அடிக்கத் தொடங்கும்போது எந்த வரி முதலில் அடிபடுகிறது என்பதைக் கவனிப்பது என் வழக்கம். அநேகமாக அது மேளமாகத்தான் இருக்கிறது.

மேளம் அடிபடுவதிலும் ஒரு படிக்கிரமம் உண்டு. முதலில் இரட்டை நாயனம் ஒற்றையாகும். பிறகு முந்தின நாள் மாலை வாசிப்பு வேண்டாம், முகூர்த்தத்துக்கு வந்தால் போதும் என்றாகும். கடைசியில் யாராவது ஒரு மருமகப்பிள்ளை, ‘கெட்டிமேளந்தான் போன்லேயே இருக்கே மாமா, மண்டபத்து ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்’ என்று யோசனை சொல்ல, அந்த வரி தாளிலிருந்தே மறைந்துபோகும். மேடை அலங்காரமும், புகைப்படமும், வீடியோவும் அத்தனை சுலபத்தில் அடிபடுவதில்லை. யோசித்துப் பார்த்தால், படத்தில் பதியக்கூடியது பிழைக்கிறது, காற்றில் கரையக்கூடியது அடிபடுகிறது என்று ஒரு விதியே இதில் செயல்படுவது தெரியும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாயனத்தில் ஒருவர் ஆனந்தபைரவியை நிதானமாக இழைத்துக்கொண்டிருக்க, தவில்காரர் தம் கண்ணை வாத்தியாரின் விரல்மேலேயே வைத்துக் காத்திருந்து, அந்த விரல் அசைந்த கணத்தில் யாருடைய தும்மலும் எந்தக் குழந்தையின் அழுகையும் மணமக்கள் செவியில் விழாதபடி மண்டபத்தையே ஒலியால் மூடிவிடுவாரே, அந்தக் காரியத்தைப் படம் பிடிக்க முடியாது. போன் அதைச் செய்யவும் செய்யாது. விளம்பரம் ஓடி முடிந்து மேளம் தொடங்குவதற்குள் மூன்றாவது முடிச்சும் விழுந்துவிட்ட கல்யாணம் ஒன்றில் நான் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூவின் கதியும் இதுதான். மணக்கிற பூ குறைந்து, மணக்காத பூ மேடை நிறையத் தொங்குகிறது. துணியிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த அந்த ரோஜாக்களுக்கு வாட்டமில்லை, நேற்றைய கல்யாணத்தில் தொங்கியவையே இன்றும், நாளையும். பணம் குறைவாக இருப்பவர் எதைக் காப்பாற்றுகிறார், எதைக் கைவிடுகிறார் என்பதில் அவருடைய அழகுணர்ச்சி தெரிந்துவிடுகிறது என்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படிச் சொல்வது அநியாயம் என்றும் உடனே தோன்றிவிடுகிறது. அவர் தம் கண்ணால் பார்க்கவில்லை, பிறர் கண்ணால் பார்க்கிறார். அந்தப் பிறர் யார் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒரு கல்யாணம் அழகாக இருக்கக்கூடும் என்பதற்கு அகநானூற்றின் 86ஆம் பாட்டைக் காட்டுவது அறிஞர்களின் வழக்கம். நல்லாவூர் கிழார் பாடிய அந்தப் பாட்டில் உழுத்தம் பருப்புச் சேர்த்துக் குழையச் சமைத்த சோறு இருக்கிறது. வரிசையாகக் கால் நட்ட குளிர்ந்த பந்தலும், அதில் பரப்பிய மணலும், வீட்டு விளக்கும், தொங்கவிட்ட மாலைகளும் இருக்கின்றன. இருள் விலகுகிற விடியற்காலத்தில், நல்ல நாள் வந்து கூடிய நேரத்தில், தலையில் குடம் தாங்கியும் கையில் புதிய அகன்ற கலங்களை ஏந்தியும் முதிய பெண்கள் வரிசைப்படி எடுத்துக் கொடுக்க, மகனைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி வாழ்த்தி மணமகளை நீராட்டுகிறார்கள். நீரோடு சொரிந்த பூவிதழும் நெல்லும் அவள் கூந்தலில் தங்கிக்கிடக்கின்றன. தீ வளர்த்ததாகவோ, தாலி கட்டியதாகவோ, பொன் பூட்டியதாகவோ அங்கே பேச்சில்லை. ஈரமான கூந்தலில் ஒட்டிய நெல்லைக்காட்டிலும் சௌந்தர்யமான மணப்பெண் ஆபரணம் ஒன்றை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழில் யாரும் கண்டுபிடித்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். அதன் விலையும் ஒரு கைப்பிடி நெல்லின் விலைதான். ஆனால் இந்தப் பாட்டை ஒரு சிக்கனப் பாடமாக எடுத்துக் காட்டும்போது எனக்குள் ஒரு முரண்டு எழுகிறது. இதைச் சொல்பவன் அவளை மணந்துகொண்ட தலைவன். பிற்பாடு, தோழியிடம், அந்த இரவின் நினைவில் தோய்ந்து சொல்கிறான். கடனும் கணக்கும் அவன் நினைவில் தங்கவில்லை என்பதனால் அவை அந்தப் பந்தலில் இல்லாமலே போயின என்று ஆகிவிடாது. அது கிடக்கட்டும், பந்தலில் பரப்பிய மணல் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய மணல் என்று பாட்டிலேயே இருக்கிறது. கொண்டுவந்தவர் யார் என்று அதில் இல்லை.

நாஞ்சில் நாட்டுப் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின இரவு உற்றாரும் அண்டை அயலாரும் கூடிக் காய் வெட்டுகிற வழக்கம் இருந்தது. சில கிராமங்களில் இன்னும் இருக்கிறது. பந்தலில் பாய்கள் விரித்து, நடுவில் சேனையும் வெள்ளரியும் முருங்கையும் வாழைக்காயும் குவியல் குவியலாகக் கிடக்க, அவியலுக்கு இந்த நீளம், சாம்பாருக்கு இந்தப் பருமன் என்று சமையல்காரரான தவசிப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மாதிரித் துண்டு வெட்டிக் காட்டிவிட்டுப் போவார். ஒரு பக்கம் தேங்காய் துருவுகிற ஓசையும் அதன் பச்சை மணமும். இன்னொரு பக்கம் குருத்தோலையைக் கிழித்துத் தோரணத்துக்குக் கிளியும் குருவியுமாக மடித்துப் போடுகிற ஒரு கிழவர். அவரைச் சுற்றித் தூக்கம் வராத குழந்தைகள். ஊர்வம்பு, பழைய பகை, கட்டங்காப்பி. இன்று ஒப்பந்தக்காரர் பேசுகிற தொகையில் இந்த இரவு முழுவதும் ஓர் அயிட்டமாக அடங்கிவிட்டது. அன்றைய கல்யாணம் குறைந்த செலவில் நிறைந்த அழகோடு நடந்ததென்றால், அழகை அன்று விலைக்கு வாங்கவில்லை, மனிதர்கள் தங்கள் பொழுதைக் கொடுத்து உண்டாக்கினார்கள் என்பதே காரணம் என்று தோன்றுகிறது. ஏக்கத்தோடு இப்படி எழுதுவது சுலபம். எழுதிய கை அங்கேயே நின்றுவிடுவதும் சுலபம். ஆனால் அந்தக் கல்யாணங்களில் உக்கிராண அறைக்குள் வெல்லத்துக்கும் நெய்க்கும் காவலாக உட்கார்ந்திருந்து, மணப்பெண்ணின் சித்தியாக இருந்தும் தாலி கட்டுவதைக் காணக் கொடுத்துவைக்காத பெண்கள் எத்தனை பேர்! நடைபாவாடை விரிக்க வண்ணாரும், மணமகனுக்கு முகம் மழிக்க நாவிதரும், சாலுங் கரகத்துக்குக் குயவரும் தங்கள் விருப்பத்தின் பேரிலா வந்து நின்றார்கள்? வருஷத்துக்கு ஒருமுறை களத்தில் அளந்துபோட்ட நெல்லுக்குப் பதிலாக, வராமல் இருக்கும் சுதந்திரம் இல்லாத நிலையில் வந்து நின்றார்கள். பந்தி முடிந்த பிற்பாடு மிஞ்சியதை வாங்கிக்கொண்டு போனார்கள். மலிவு என்று நாம் இன்று வியக்கிற அந்தப் பழைய கல்யாணத்தின் கணக்கில் எழுதப்படாத செலவுகள் பல உண்டு. எழுதப்படாமைக்குக் காரணம், அவற்றைக் கொடுத்தவர்களுடைய கையில் எழுதுகோல் இல்லாமல் இருந்ததுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1942ஆம் ஆண்டு அலகாபாத்தில் இந்திரா பிரியதர்சினியின் விவாகம் நடந்தபோது, தகப்பனார் சிறையில் நூற்ற நூலில் நெய்த கதர்ப் புடவையை அவர் உடுத்தியிருந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. சிறையறையில் ராட்டையின்முன் கழிந்த பொழுது அந்தப் புடவையில் இழையாக ஓடியிருக்கிறதே, அதைவிட விலைமதிப்புள்ள சரிகை எது என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. ஆயினும் அந்த எளிமையை நாம் எளிமை என்று கண்டுகொண்டதற்கு, அதன் பின்னால் ஆனந்தபவனம் என்கிற மாளிகை நின்றதும் ஒரு காரணம் அல்லவா? அதே நிறத்தில் அதே கதரை ஒரு ரயில்வே கூலியின் மகள் உடுத்தி மணையில் அமர்ந்திருந்தால், பட்டு வாங்க முடியவில்லை போலும் என்று பந்தியில் பேச்சு எழுந்திருக்கும். செல்வந்தர் தம் மகனுக்குக் கோயிலில் கல்யாணம் முடித்துவிட்டு, வந்தவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்பினால், ‘எவ்வளவு எளிமையான மனுஷன்!’ என்கிறோம், அவருடைய கணக்கப்பிள்ளை அதையே செய்தால், ‘பாவம், என்ன கஷ்டமோ’ என்கிறோம். எளிமை என்கிற அழகைக்கூட அந்தஸ்து உள்ளவனுக்கே உலகம் வழங்குகிறது. ஆகையால்தான், கூலிக்குப் போகிற ஒருவன் தெருமுனையில் தன் மகளின் படம் போட்ட பத்தடி பிளக்ஸ் பேனரை நிறுத்தி, வாடகைக்கு எடுத்த சரிகைக் கோட்டில் மருமகனை ஊர்வலம் விடுவதைப் பார்க்கும்போது, சிரிக்க வந்த சிரிப்பு எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. ஆயுள் முழுவதும் யாரும் தலைநிமிர்ந்து பார்க்காத ஒரு குடும்பம், ஒரு நாளாவது எல்லோரும் நம்மைப் பார்க்கட்டும் என்று விரும்புவதை ஆடம்பரம் என்று பெயரிட்டு ஒதுக்க எனக்கு உரிமை உண்டா? ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாள் தன் கல்யாணத்தைக் கனாக் கண்டபோது அதில் ஆயிரம் யானைகள் வந்தன. பொற்குடங்களும், தோரணங்களும், முத்துமாலைகள் தொங்கும் பந்தலும் வந்தன. வைணவர் வீட்டு விவாகங்களில் இன்றும் வாரணமாயிரத்தை ஓதுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் ஒருவரும், இத்தனை யானை எதற்கு, இரண்டு போதாதா என்று கேட்பதில்லை. கனவுக்குச் செலவில்லை என்பது மட்டும் இதற்குச் சமாதானமாகாது. தன்னை வரவேற்க உலகமே திரண்டு வரவேண்டும் என்று ஒரு பெண்ணின் மனம் விரிகிற அந்தக் கணத்தில், சுருக்கு என்று சொல்வது அபசுரமாக ஒலிக்கும் என்பதை எல்லோருமே அறிந்திருக்கிறோம்.

சுருக்கச் சொல்லியும் பார்த்திருக்கிறார்கள். 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னின்று நடத்திய திருமணத்தை முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்வார்கள். புரோகிதரும் சடங்கும் அற்ற அந்த முறைக்கு, அண்ணாதுரையின் ஆட்சியில் 1967இல் கொண்டுவந்த திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவில் இடம் கிடைத்தது; உற்றார் நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலும் போதும், மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் அணிவித்தாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமோ மூன்று சாட்சிகளோடு திருப்தி அடைந்துவிடுகிறது. ஆக, அகப்பாட்டுக்கு நால்வர், சட்டத்துக்கு மூவர். எஞ்சியவர்கள் எல்லோரும் நம் விருப்பத்தின் பேரிலோ அச்சத்தின் பேரிலோ வருகிறவர்கள். இருந்தும் நடந்தது என்ன? புரோகிதர் இறங்கிப்போன மேடையில் பேச்சாளர்கள் ஏறினார்கள். மாலை மாற்ற ஒரு நிமிஷமும் வாழ்த்துரைக்கு மூன்று மணி நேரமும் ஆயின. பந்தலும் ஒலிபெருக்கியும் வளைவுகளும் ஒரு மாநாட்டின் அளவுக்குப் பருத்த சுயமரியாதைத் திருமணங்களையும் நாம் பார்த்துவிட்டோம். சடங்கை நீக்கினால் செலவு நீங்கிவிடும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்துச் சீர்திருத்தக்காரர்களின் நியாயமான நம்பிக்கை. செலவு சடங்கில் குடியிருக்கவில்லை, பார்வையாளர்களின் எண்ணிக்கையில் குடியிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

சமையல்காரர்களுக்கு இது எப்போதும் தெரியும். அவர்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதே இலைக் கணக்கில்தான்: ‘காலை டிபன் எத்தனை இலை, மத்தியானம் எத்தனை இலை, சொல்லுங்கோ, மத்ததெல்லாம் நான் சொல்றேன்.’ அந்த ஓர் எண்ணிலிருந்தே மற்ற எல்லா எண்களும் பிறக்கின்றன. மண்டபம் சிறியதா பெரியதா, பந்தி இரண்டா நான்கா, தாம்பூலப் பைக்குத் தேங்காய் எத்தனை, தண்ணீர்ப் பாட்டில் எத்தனை பெட்டி, வெளியூர்க்காரர் தங்க அறை எத்தனை, பரிமாற ஆள் எத்தனை எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. தையிலோ ஆவணியிலோ வளர்பிறை முகூர்த்தத்தில் மண்டப வாடகையும் மல்லிகை விலையும் பன்மடங்கு ஏறுகிறதே என்று வருந்துகிறவர்கள், தேய்பிறையில் ஒரு நல்ல நாளைப் பார்த்து மிச்சம் பிடிக்கலாம். அது உண்மையான மிச்சம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இலை குறையாத வரையில் அந்த மிச்சமும் எங்கோ ஓட்டை வழியே ஒழுகிப் போய்விடுகிறது. இதை அறிந்தும் குடும்பங்கள் மேளத்தில் கைவைக்கின்றனவே ஒழிய இலையில் ஏன் கைவைப்பதில்லை என்று கேட்டால், மொய் நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். ஊரும் பேரும் தொகையுமாக வரிசையிட்டிருக்கும் அந்த நீண்ட நோட்டில் வரவு என்று எழுதியிருப்பவை எல்லாம் உண்மையில் கடன். வைத்தவர் வீட்டு விசேஷத்தில், வைத்ததற்குமேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பியாக வேண்டிய, வட்டியுள்ள கடன். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் ஆனி ஆடி மாதங்களில் கல்யாணமே இல்லாமல் மொய்க்காக மட்டும் விருந்து வைக்கிறார்களே, அவர்கள் இந்த ஏற்பாட்டின் மேல்பூச்சை உதறிவிட்டு எலும்பை மட்டும் வைத்துக்கொண்டவர்கள். பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பவர் ஓர் இலையை மட்டும் அடிப்பதில்லை. என்றோ தம் தகப்பனார் கைநீட்டி வாங்கிய ஒரு கடனைத் திருப்ப மறுக்கிறார். ‘பத்திரிகை வைக்கக்கூட நாங்க ஆகாமப் போயிட்டோமா, அண்ணே?’ என்று அடுத்த துஷ்டி வீட்டில் பார்க்கும்போது ஒன்றுவிட்ட தம்பி கேட்பாரே, அந்தக் கேள்விக்கு முகம் கொடுப்பதைவிட இருநூறு பேருக்குச் சோறு போடுவது எளிது என்று தோன்றிவிடுகிறது. மேளக்காரரோ கேட்கமாட்டார், அவர் உறவினர் அல்லவே.

2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில், கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்குமேல் கூடலாகாது என்று அரசாங்கமே விதித்தபோது, எந்தச் சீர்திருத்தக்காரராலும் ஆகாத காரியம் ஒரே உத்தரவில் ஆயிற்று. அழைக்காததற்கு யாரும் கோபிக்க முடியவில்லை. வீட்டு வாசலிலும் குலதெய்வக் கோயிலிலும், அறிந்த முகங்கள் மட்டும் சூழ நடந்த அந்த விவாகங்களைப் பற்றி, ‘எங்க கல்யாணந்தான் எல்லாத்துலயும் அழகா நடந்துது’ என்று சொல்கிற இளந்தம்பதிகளை நான் சந்தித்திருக்கிறேன். என் சந்தேகங்களுக்கு எல்லாம் விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கலாம். மகிழவிடாமல் தடுத்தவை அந்த ஆண்டின் மற்றக் காட்சிகள். தோவாளையில் பூ வாங்க ஆளில்லை. பந்தல்காரர்களின் மூங்கில் கொல்லையில் சாய்ந்து கிடந்தது. நாயனக்காரர்கள் சித்திரை வைகாசி இரண்டு மாதத்து வருமானத்தையும் இழந்து, வேறு கூலிக்குப் போனார்கள். ஒருவருடைய ஆடம்பரந்தான் இன்னொருவருடைய அடுப்பு எரிய விறகு என்று வாதாடுகிறவர்களுக்கு அப்போது வாய் அடைக்கவில்லை, திறந்தது. அந்த வாதத்தை நான் உதாசீனம் செய்யவில்லை. ஆயினும் கணக்கை இன்னொரு வரி நீட்டிப் பார்க்கச் சொல்வேன். கல்யாணத்துக்காக ஐந்து லட்ச ரூபாயை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியவர் மாதம் பதினாயிரம் ரூபாய் வட்டி கட்டுகிறார். ஐம்பது மாதத்தில், அதாவது நான்கு வருஷமும் இரண்டு மாதமும் கழிகையில், முதல் அப்படியே நிற்க, வட்டி மட்டும் ஐந்து லட்சம் ஆகிவிடுகிறது. ஆக அவர் நடத்தியவை இரண்டு கல்யாணங்கள்: ஒன்றில் சமையல்காரரும் பூக்காரரும் மேளக்காரரும் கூலி பெற்றார்கள், மற்றொன்றில், மேளமும் பந்தலும் இல்லாமல், கடன் கொடுத்தவர் ஒருவரே ஐம்பது மாதம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மகளுக்குப் போட்ட நகையை மாப்பிள்ளையின் சம்மதத்தோடு திரும்ப வாங்கி அடகுக் கடையில் வைத்து வட்டியை அடைக்கிற குடும்பங்களும் உண்டு. தொழிலாளிகளின் பிழைப்புக்காக ஆடம்பரம் வேண்டும் என்கிறவர்கள், கடனில் நடக்கும் ஆடம்பரத்தில் தொழிலாளியின் பங்கு எவ்வளவு, வட்டிக்காரரின் பங்கு எவ்வளவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததில், சிக்கனம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடமாடுவதாக எனக்குப் படுகிறது. விலையைக் குறைப்பது ஒன்று. அளவைக் குறைப்பது மற்றொன்று. விலையைக் குறைக்கும்போது செலவு மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வெள்ளரளியும் செவ்வரளியும் நொச்சி இலையுமாக, பூவை மடித்து மடித்துப் பாய் முடைவதுபோல் விரித்துக்கொண்டு போகிற அந்த வேலையில், ஒரு மடிப்பு தவறினால் வரிசையே கோணிவிடும். குனிந்த கழுத்து நிமிர நெடுநேரம் ஆகும். அந்த மாலைக்குச் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டு, முக்காலுக்கு முடித்துக்கொண்டு, சாமர்த்தியமாக மிச்சம் பிடித்தோம் என்று வீட்டில் சொல்கிறவர், அந்தக் கால்பங்கைக் கட்டியவரின் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறார். பரிமாறுகிறவர்கள் நின்றுகொண்டே சாப்பிடும்படி பேசப்பட்ட சமையல் ஒப்பந்தமும், வண்டிச் சத்தம் சேர்க்காமல் பேசப்பட்ட மேளமும் இதே ரகம். பழைய காலத்தில் களத்து நெல்லில் மறைந்திருந்த எழுதாத செலவு, புதிய காலத்தில் பேரத்தில் மறைந்திருக்கிறது. அளவைக் குறைக்கிறவருடைய வழி வேறு. அவர் எட்டு மாலைக்குப் பதில் இரண்டு வாங்குகிறார், கேட்ட விலையைக் கொடுத்து. ஐந்நூறு இலைக்குப் பதில் நூற்றைம்பது இலை, ஆனால் அதில் பருப்பும் பப்படமும் நெய்யும் அவியலும் எரிசேரியும் ஒரு பிரதமனும், தவசிப்பிள்ளைக்குக் கைநடுங்காத கூலியும். ஒற்றை நாயனந்தான், ஆனால் இரண்டு வேளையும் மனம் போல் வாசிக்கிற ஒற்றை நாயனம். விற்பனை குறைந்ததென்று பூக்காரர் வருந்தலாம். அவமதிக்கப்பட்டோம் என்று வருந்த மாட்டார். இந்த வழியில் மிச்சமாகிற பணத்துக்கு உரிய விலையை அந்தக் குடும்பமே கொடுக்கிறது: துஷ்டி வீட்டுத் தம்பியின் கேள்விக்கு நேராக நின்று பதில் சொல்கிறதே, அதுதான் விலை. தன் செலவைத் தன் தலையிலேயே சுமக்கிற இந்தச் சிக்கனத்துக்கு மட்டும் அழகின் பக்கத்தில் அமரும் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

அழகென்று இத்தனை நேரம் நான் சொல்லிக்கொண்டு வந்ததும் இதனால் ஓரளவு தெளிகிறது. ஒரு விவாகத்தில் அழகாக இருப்பவை எல்லாம் யாரோ ஒருவர் மனம் வைத்துச் செய்தவை. மனம் வைக்க அவகாசம் வேண்டும், அவகாசத்துக்குக் கூலி வேண்டும், கூலி கொடுக்கக் கட்டுப்படியாக வேண்டுமானால் எண்ணிக்கை குறைய வேண்டும். மணமக்களின் பெயரைக்கூடப் பத்திரிகையில் மறுபடி பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து, உறையைக் கொடுத்து, மேடையில் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இலையை மடித்துவிட்டுப் போகிற அந்தப் பெருங்கூட்டத்தின் கண்களுக்காகத்தான் மணக்காத ரோஜா தொங்குகிறது. அந்தக் கண்களோ அதைப் பார்ப்பதும் இல்லை, அடுத்த பந்தியில் இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. பார்க்காதவர்களுக்காகச் செய்கிற செலவைத்தான் குறைந்த கையிருப்புள்ளவர் முதலில் விட்டுவிடலாம். விட்டால் ஒருவருடைய வயிறும் காயாது. ஆனால் இதை ஒரு விதியாக எழுதி எல்லார் கையிலும் கொடுக்க எனக்குத் துணிவில்லை. பட்டணத்தில் மாதச் சம்பளம் வாங்கி, மொய்க் கடனுக்கும் பங்காளிச் சண்டைக்கும் எட்டாத தொலைவில் வீடு கட்டிக்கொண்டவருக்கு நூற்றைம்பது இலை என்பது ரசனை. ஆபத்துச் சம்பத்துக்கு ஊரையே நம்பியிருக்கிறவருக்கு அது ஊரை விலக்கிக்கொள்வதாக முடியலாம். பாம்பு கடித்த இரவில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் அந்த ஐந்நூறு இலையில் உண்டவர்களில் யாரோ நால்வர்; எந்த நால்வர் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. அவருக்கு நான் சொல்லக்கூடியது, ஐம்பது மாத வட்டிக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுவது ஒன்றுதான். அதைப் பார்த்த பிறகும் அவர் ஐந்நூறு பேரை அழைத்தால், அவர் அறியாமையால் அழைக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, நானும் போய் அந்த இலையில் உட்கார்வேன்; மேளக்காரருக்குக் கூலியைக் குறைத்தாரா என்பதை மட்டும், கை கழுவிய பிறகு, தனியே கூப்பிட்டுக் கேட்பேன்.